அமெரிக்க மாநில அரசியலமைப்புகள் புகட்டும் பாடம்

(பொதுக்கூட்டமொன்றில் நியாயவாதி ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியலமைப்பைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலே கூடி அதனை இயற்றிய பெரியார்களின் பெயர்களைப் பாடசாலைப் பிள்ளைகளும் சொல்வர். ஆனால் அந்நாட்டிலே வழங்குவது ஓர் அரசியலமைப்பு மாத்திரம் அன்று. 50 மாநிலங்களுக்கும் தனித்தனியே ஒவ்வோர் அரசியலமைப்பு உண்டு. அவை யாவற்றையும் பிணைத்து நிற்கும் சமஷ்டி அரசியலமைப்பு ஐம்பத்தோராவது. அந்த ஐம்பதைப் பற்றிச் சொல்வதற்கே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

உரிமையொன்று எழுத்தில் ஏறிவிட்டால் மட்டும் காப்பாற்றப்படுமா, அன்றி வேறேதும் வேண்டுமா? இக்கேள்வியைச் சட்டம் படித்தவனும் கேட்கிறான். வாய்க்கால் தண்ணீருக்காகக் காத்திருக்கும் கமக்காரனும் கேட்கிறான். ஏறத்தாழ 250 ஆண்டுக் கால அநுபவத்தோடு இதற்கு விடை கூறக்கூடியவை இந்த மாநில அரசியலமைப்புகள். அவ்விடையில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. இரண்டையும் மறையாமற் சொல்ல விரும்புகிறேன்.

மூத்தவை மாநிலங்களே

முதலில் காலவரிசையைக் கவனியுங்கள். 1776ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேயே நியூ ஹம்ஷயர் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. மார்ச் மாதத்தில் தென் கரோலினா எழுதிற்று. மே மாதத்தில், குடியேற்ற நாடுகளின் பொதுப் பேரவையாகிய காங்கிரஸ், தத்தமக்கு ஏற்ற அரசாங்கங்களை அமைத்துக்கொள்ளுமாறு எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் ஆலோசனை கூறியது. சூன் 12இல், ஜோர்ஜ் மேசன் வரைந்த உரிமைப் பிரகடனத்தை வேர்ஜினியா ஏற்றுக்கொண்டது. அம்மாத இறுதியில் அதன் அரசியலமைப்பும் நிறைவேறியது. சூலை 2இல் நியூ ஜேர்சி. உலகம் கொண்டாடும் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்ததோ சூலை 4இல். அதாவது, சுதந்திரம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே நான்கு குடியேற்ற நாடுகள் தம்மைத் தாமே ஆளும் முறையை எழுதி முடித்துவிட்டன.

கனெக்ரிக்கட், றோட் ஐலன்ட் என்ற இரண்டும் புதிதாக எழுதாமல், பழைய அரச சாசனங்களிலிருந்து மன்னனின் அதிகாரத்தை நீக்கிவிட்டு, அவற்றையே முறையே 1818 வரையும் 1843 வரையும் கைக்கொண்டன. மற்றவையெல்லாம் புதிதாக எழுதின. 1787இல் பிலடெல்பியாவிற் கூடியவர்களுக்கு இவ்வாறு பதினோராண்டு அநுபவம் கண்முன்னே இருந்தது. 1791இல் சமஷ்டி அரசியலமைப்போடு சேர்க்கப்பட்ட உரிமைகளும் அவ்விதமே வந்தவை. யூரிமார் முன் விசாரிக்கப்படும் உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், மதச் சுதந்திரம், காரணமின்றி வீடு சோதனையிடப்படாமை ஆகிய இவையெல்லாம் மாநிலங்களின் உரிமைப் பிரகடனங்களிலே முன்னரே இடம்பெற்றிருந்தவை.

இதிலிருந்து பிறக்கும் சட்டக் கருத்து ஒன்றுண்டு. நம் ஊர் வழக்கிலே சொல்வதானால், முதல் 13 மாநிலங்களின் அதிகாரம் முதுசொம். மத்திய அரசு எழுதிக்கொடுத்த நன்கொடை அன்று. மத்திய அரசுக்கு உரிய அதிகாரங்களையே சமஷ்டி அரசியலமைப்பு எண்ணிக் கூறுகிறது. அவ்வாறு கொடுக்கப்படாதவையும், மாநிலங்களுக்கு மறுக்கப்படாதவையும், மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்று அதன் பத்தாவது திருத்தம் உரைக்கிறது. பின்னர்ச் சேர்ந்த 37 மாநிலங்களைக் காங்கிரஸ் அநுமதித்தே சேர்த்துக்கொண்டது என்பது மெய்தான். எனினும், பெரும்பாலும் அவையும் முதலில் தத்தம் அரசியலமைப்பை எழுதிக்கொண்டே வாசலுக்கு வந்தன. உள்ளே வந்தபின் மூத்தவற்றோடு சமநிலை பெற்றன.

எழுதும் அதிகாரம் யாருக்கு?

ஆரம்பத்தில் எழுதப்பட்டவற்றுள் ஒரு பெருங்குறை இருந்தது. சட்டசபைகளும் பேரவைகளும் தாமே அரசியலமைப்பை எழுதித் தாமே நிறைவேற்றின. மக்களின் சம்மதத்தை நேரிற் கேட்கவில்லை. இக்குறையை முதலிற் சுட்டிக்காட்டியவர்களுள் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் என்னும் சிற்றூர் மக்கள் முக்கியமானவர்கள். 1776 ஒக்ரோபரில் ஊர்க்கூட்டம் கூடி அவர்கள் கூறிய நியாயம் எளிமையானது: அரசியலமைப்பு என்பது ஆள்வோரிடமிருந்து குடிகளைக் காப்பதற்கானது, ஆளும் சட்டசபையே அதை எழுதுமானால் அச்சபையே அதை மாற்றவும் செய்யும், அப்பொழுது குடிகளுக்குக் காப்பு எங்கே? நொத்தாரிசு ஒருவர் தம் பெயருக்குத் தாமே காணி உறுதி எழுதிக்கொண்டால் நாம் ஒப்புவோமா? அதே நியாயந்தான்.

அம்மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள பேர்க்ஷயர் பகுதிக் கமக்காரர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். மக்கள் சம்மதித்த அரசியலமைப்பு இல்லாத நாட்டில் நீதிமன்றத்துக்கு ஏது அதிகாரம் என்று வினவி, அங்கே நீதிமன்றங்கள் கூடாதவாறு பல ஆண்டுகள் தடுத்து நின்றனர். கடன் வழக்குகளால் நலிந்திருந்த மக்கள் அவர்கள். ஆனாலும் அவர்கள் கேட்டது கடன் மன்னிப்பு மாத்திரம் அன்று, தங்கள் கையொப்பம் பெற்ற அரசியலமைப்பு.

1778இல் சட்டசபை தானே ஒரு வரைவை எழுதி ஊர்க்கூட்டங்களுக்கு அனுப்பியது. மக்கள் அதனை மிகப் பெரும்பான்மையாக நிராகரித்தனர். உரிமைப் பிரகடனம் அதில் இல்லை என்பது ஒரு குறை. எழுதியது தனிப் பேரவை அன்று என்பது மற்றொன்று. சட்டசபை பணிந்தது. 1779இல் அப்பணிக்கென்றே தெரிவு செய்யப்பட்ட பேரவை கூடியது. வரைவை எழுதும் பொறுப்பு யோன் அடம்ஸ் கையிற் சேர்ந்தது. 1780இல் அது ஊர் ஊராகச் சென்றது. ஊர்க்கூட்டங்கள் வாசகம் வாசகமாக விவாதித்து, ஆட்சேபங்களையும் எழுதி அனுப்பின. அந்த ஒரு வாக்கெடுப்புக்குச் சொத்துத் தகுதி வேண்டப்படவில்லை. வயதுவந்த, அடிமையல்லாத ஆண்கள் யாவரும் கலந்துகொள்ளலாம் என்று விதிக்கப்பட்டது. ஆயின், அவ்வாறு நிறைவேறிய அரசியலமைப்போ சட்டசபைத் தேர்தலுக்குச் சொத்துத் தகுதியை விதித்தது. அக்காலத்து ஜனநாயகத்தின் எல்லை அவ்வளவே.

இன்றுவரை அம்மாநிலத்தை ஆள்வது, திருத்தங்களோடு, அந்த 1780ஆம் ஆண்டு அரசியலமைப்பே. எழுதப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள அரசியலமைப்புகளுள் உலகிலே மிகப் பழையது அது. எழுதுவதற்கு ஒரு தனிப் பேரவை, ஏற்பதற்கு மக்கள் சம்மதம் என்னும் முறையை நிலைநாட்டியதே அதன் பெரும் புகழ்.

ஒரு வாசகம் செய்த வேலை

அவ்வரசியலமைப்பின் முதலாம் உறுப்பு, மனிதர் யாவரும் சுதந்திரராகவும் சமமானவராகவும் பிறந்தவர் என்று கூறிற்று. எழுதியோர் அதன் முழுக் கருத்தையும் எண்ணினார்களோ இல்லையோ, அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தனர். பேர்க்ஷயர் பகுதியில் அடிமையாய் இருந்த எலிசபெத் பிறீமன் என்னும் பெண், இவ்வாசகம் தனக்கும் பொருந்தாதோ என்று தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் சென்று கேட்டாள். 1781இல் வழக்கு விசாரிக்கப்பட்டது. அவள் அடிமை அல்லள் என்று யூரிமார் தீர்த்து, முப்பது சிலிங் நட்டஈடும் வழங்கினர். அதே காலத்தில் குவொக் வோக்கர் என்பவர் தொடர்பான வழக்குகளும் நடந்தன. 1783இல், அடிமை முறை அம்மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று பிரதம நீதியரசர் வில்லியம் குஷிங் யூரிமாருக்கு எடுத்துரைத்தார். 1790இல் நடந்த முதலாவது சமஷ்டிக் குடிசன மதிப்பில் மசாச்சுசெற்ஸில் அடிமை ஒருவரேனும் பதிவாகவில்லை.

சமஷ்டி அரசியலமைப்போ அடிமை முறையை ஒழித்தது 1865இல். மத்தியில் 82 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி, ஒரு மாநில அரசியலமைப்பின் ஒரு வாசகத்தால் முன்னரே கிடைத்தது. வாசகம் தானாக எழுந்து வேலை செய்யவில்லை. அதை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல ஒரு பெண்ணுக்குத் துணிவு வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்மாறான கதையும் கேளுங்கள். நியூ ஜேர்சியின் 1776ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஐம்பது பவுண் பெறுமதியான சொத்துடைய குடிகள் யாவரும் வாக்களிக்கலாம் என்றது. ஆண் என்று சொல்லவில்லை. ஆகவே சொத்துடைய கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் அங்கே வாக்களித்தனர். 1807இல் சட்டசபை ஒரு சாதாரண சட்டத்தால், வாக்குரிமை வரி செலுத்தும் வெள்ளை ஆண்களுக்கே என்று ஆக்கிவிட்டது. முப்பதாண்டு அநுபவித்த உரிமை ஒரு நாளிற் போயிற்று. உரிமை எழுத்தில் இருந்தது. அதற்குப் பூட்டு இருக்கவில்லை.

மொழிக்குக் கொடுத்த வாக்கு

பூட்டு என்று நான் சொல்வதன் பொருளைக் காட்ட இரு மாநிலங்களை ஒப்பிடுகிறேன்.

1848இல் மெக்சிக்கோவிடமிருந்து அமெரிக்கா பெற்ற நிலப்பரப்பில் கலிபோர்னியா ஒன்று. 1849 செப்ரெம்பரில் மொன்ரரே நகரிற் கூடிய அதன் பேரவையில் ஸ்பானிய மொழி பேசும் பழங்குடிகளின் பிரதிநிதிகளும் இருந்தனர். விவாதங்கள் அவர்களுக்காக மொழிபெயர்க்கப்பட்டன. வெளியிட வேண்டிய சட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிடப்படும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினர். நல்ல வாக்குறுதி. ஆனால் பொன்னைத் தேடிப் பல்லாயிரவர் வந்து குவிந்தனர். ஸ்பானிய மொழியினர் தம் சொந்த மண்ணிலே சிறுபான்மையினராயினர். தம் காணிகளின் உரித்தை ஓர் ஆணைக்குழுவின் முன் நிரூபிக்குமாறு 1851ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம் அவர்களைப் பணித்தது. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வழக்குகளின் செலவாலேயே காணி இழந்தோர் பலர். 1879இல் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டபோது, அரசாங்க நடவடிக்கைகள் ஆங்கிலம் தவிர வேறெம்மொழியிலும் நடத்தப்படா என்று விதிக்கப்பட்டது. சீனத் தொழிலாளருக்கு எதிரான விதிகளும் அதே அரசியலமைப்பில் ஏறின. முந்திய வாக்குறுதி யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்களுடைய தனிச் சம்மதம் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டும் என்று 1849இல் எழுதப்பட்டிருக்கவுமில்லை.

நியூ மெக்சிக்கோவும் அதே நிலப்பரப்பைச் சேர்ந்ததே. அது தன் அரசியலமைப்பை 1910இல் எழுதியது, மக்கள் 1911இல் ஏற்றனர், 1912இல் மாநிலமாயிற்று. எழுதிய பேரவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஸ்பானிய மொழியினர். கலிபோர்னியாவின் கதை அவர்கள் கண்முன் இருந்தது. ஆங்கிலமோ ஸ்பானிய மொழியோ பேசவும் வாசிக்கவும் எழுதவும் இயலாமை காரணமாக எவருடைய வாக்குரிமையும் குறைக்கப்படலாகாது என்று எழுதினர். ஸ்பானிய வம்சப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலைகளில் அநுமதி மறுக்கப்படலாகாது என்றும், அவர்களைத் தனிப் பாடசாலைகளில் ஒதுக்கலாகாது என்றும் எழுதினர். அத்தோடு நில்லாமல், இவ்விதிகளை மாற்றுவதாயின் மாநிலம் முழுவதிலும் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினரும், ஒவ்வொரு மாவட்டத்திலும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் சம்மதிக்க வேண்டும் என்று விதித்தனர்.

இதனால் ஸ்பானிய மொழியினரின் குறைகளெல்லாம் தீர்ந்தன என்று சொல்லமாட்டேன். பாடசாலைகளிலே அம்மொழி நெடுங்காலம் தாழ்த்தப்பட்டே இருந்தது. ஆயினும் வாக்குரிமை பற்றிய அவ்விதி ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த அரசியலமைப்பிலே நிற்கிறது. இரு மாநிலங்களிலும் வாக்குறுதி எழுதப்பட்டது. ஒன்றில் மாத்திரமே, யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்களைக் கேளாமல் அதை மீட்க முடியாதபடி எழுதப்பட்டது. கேட்டிருக்கும் பெரியோர்களே, இதற்குமேல் நான் விரிக்க வேண்டியதில்லை.

பூட்டு யார் கையில்?

இனிக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். மாநிலத்தின் உரிமை என்பதும் மாநிலத்திலுள்ள மக்களின் உரிமை என்பதும் எப்போதும் ஒன்றாகா.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868ஆம் ஆண்டளவில் தென் மாநிலங்களில் எழுதப்பட்ட அரசியலமைப்புகள், விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையும், யாவர்க்கும் பொதுக் கல்வியும் அளித்தன. தென் கரோலினாவின் பேரவையில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையினராக இருந்தனர். ஆனால் 1890இல் மிசிசிப்பி புதிதாக ஒன்றை எழுதிற்று. வாக்களிக்க விரும்புவோர் இரண்டு டொலர் தலைவரி செலுத்தவேண்டும். அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டு விளக்கவோ வேண்டும். விளக்கம் சரியா பிழையா என்று தீர்ப்பவன் பதிவு உத்தியோகத்தன். இனம் என்ற சொல் அவ்விதியில் இல்லை; நோக்கமோ ஊரறிந்தது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராக வாழ்ந்த அம்மாநிலத்தில் இந்த அரசியலமைப்பு மக்கள் வாக்குக்கு விடப்படவேயில்லை. 1898இல் இதற்கெதிரான வழக்கைச் சமஷ்டி உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அதே 1898இல் லூசியானாவும் அவ்வழியே சென்றது. 1896இல் அங்கே பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர் 130,334 பேர். 1904இல் 1,342 பேர். ஏழை வெள்ளையர் பலரும் வாக்கிழந்தனர். அலபாமா 1901இலும் வேர்ஜினியா 1902இலும் பின்தொடர்ந்தன. உரிமைப் பிரகடனத்தால் 1776இல் வழிகாட்டிய அதே வேர்ஜினியா, 1902இல் தன் அரசியலமைப்பை மக்களிடம் கேளாமலே பிரகடனம் செய்தது. இவ்வநீதியைத் திருத்தியது சமஷ்டியின் கை: சமஷ்டித் தேர்தல்களில் தலைவரியை ஒழித்த 1964ஆம் ஆண்டுத் திருத்தமும், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும், அவற்றின் பின்னே, உயிரைக் கொடுத்துப் போராடிய தென் மாநிலக் கறுப்பின மக்களின் உறுதி.

சிறிய ஆட்சிப் பிரிவு மக்களுக்கு அண்மையில் இருக்கிறது; ஆதலால் அது நன்மையையும் விரைந்து செய்யும், கொடுமையையும் விரைந்து செய்யும். ஒவ்வொரு சிறிய பிரிவுக்குள்ளும் அதனிலும் சிறிய மக்கட் கூட்டம் ஒன்று உண்டு. தன்னாட்சி கேட்போர் எவரும், தம் எல்லைக்குள் வாழும் அச்சிறுபான்மைக்கு என்ன காப்பு எழுதுவோம் என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். மிசிசிப்பியின் வரலாறு கூறுவது அதுவே.

கமத்துக்கும் கல்விக்கும்

அமெரிக்கக் குடிமகனின் அன்றாட வாழ்வைத் தொடுவது பெரும்பாலும் மாநிலந்தான். 1833இல் பால்ற்றிமோர் துறைமுக உரிமையாளர் ஒருவர், நகரசபையால் தம் துறைக்கு நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கேட்டுச் சமஷ்டி உயர்நீதிமன்றம் சென்றபோது, சமஷ்டி உரிமைப் பட்டியல் மத்திய அரசையே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அன்று என்று தீர்க்கப்பட்டது. 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தத்தின் வழியாக நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல அந்நிலையை மாற்றும் வரை, மாநில அரசாங்கத்துக்கு எதிராகக் குடிமகனுக்கிருந்த முதற் காப்பு அவனுடைய மாநில அரசியலமைப்பே.

கொலராடோ வரண்ட பூமி. ஆற்றங்கரைக் காணிக்காரனுக்கே ஆற்றுநீர் என்னும் ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அங்கே கமத்துக்கு உதவாது. ஆகவே 1876இல் அம்மாநிலத்தின் அரசியலமைப்பு, எவரும் எடுத்துப் பயன்படுத்தாத ஆற்றுநீர் பொதுமக்களின் சொத்து என்றும், முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கு முன்னுரிமை என்றும் விதித்தது. நியூ யோர்க் மாநிலமோ, கால்வாய்களுக்காகப் பெருங்கடன் பட்ட அநுபவத்தின்பின், மக்கள் வாக்கின்றிச் சட்டசபை பெருங்கடன் படலாகாது என்று 1846இல் எழுதிற்று. பெண்கள் வாக்குரிமையை வயோமிங் 1890இல் தன் அரசியலமைப்பில் ஏற்றிக்கொண்டு சமஷ்டியிற் சேர்ந்தது; நாடு முழுவதும் அதனை ஏற்றது 1920இல்.

கல்வியைப் பற்றி ஒரு வழக்கு. ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் எட்ஜ்வூட் என்பது மெக்சிக்க வம்சத்து ஏழைகள் வாழும் பகுதி. காணிவரி வருமானத்தில் பாடசாலை நடக்கும் முறையினால், ஏழைப் பகுதிப் பாடசாலை ஏழ்மையிலேயே கிடந்தது. பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். 1973இல் சமஷ்டி உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது; கல்வி சமஷ்டி அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்று அன்று என்பது அதன் கருத்து. வழக்கு முடிந்ததென்றே பலர் எண்ணினர். ஆனால் ரெக்சாஸின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பு, திறமையான பொதுப் பாடசாலை முறையை அமைப்பது சட்டசபையின் கடமை என்று கூறியிருந்தது. அதே எட்ஜ்வூட் பகுதி அவ்வாசகத்தைப் பற்றி மாநில நீதிமன்றம் ஏறிற்று. 1989இல் ரெக்சாஸ் உயர்நீதிமன்ற நீதியரசர் அனைவரும் ஒருமனதாக, நடைமுறையிலிருந்த நிதி முறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். சட்டசபை அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. எனினும் பாதை திறந்தது.

சமஷ்டி உயர்நீதிமன்ற நீதியரசர் வில்லியம் பிறெனன் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், வழக்கறிஞர்கள் மாநில அரசியலமைப்புகளை மறந்துவிடலாகாது என்று வற்புறுத்தினார். சமஷ்டி உரிமைகள் நிலமட்டம்; மாநிலங்கள் அதன்மேல் உயர்த்திக் கட்டலாம், அதற்குக் கீழே தோண்டலாகாது. 1890இன் மிசிசிப்பிக்கு நிலமட்டம் வேண்டியிருந்தது. 1989இன் எட்ஜ்வூட் பெற்றோருக்கு மேற்கட்டடம் வேண்டியிருந்தது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்வோர் இந்த வரலாற்றில் பாதியையே வாசித்தவர்.

அன்பர்களே, இம்மாநிலங்கள் இதுவரை எழுதியவை 140க்கும் மேற்பட்ட அரசியலமைப்புகள். லூசியானா மாத்திரம் பதினொன்று எழுதியிருக்கிறது. அலபாமா மக்கள் தம் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எஞ்சியிருந்த இனவாத வாசகங்களை நீக்கி ஒழுங்குபடுத்திய புதிய வடிவத்தை ஏற்றது 2022இல். ஆகவே எந்த அரசியலமைப்பும் தெய்வ வாக்கு அன்று. மனிதர் எழுதுவது, மனிதர் திருத்துவது.

எந்த நாட்டிலாயினும் உங்கள்முன் ஓர் அரசியலமைப்பு வைக்கப்படுமானால் அதன் அழகிய முகவுரையை வாசித்து மகிழ்ந்துவிடாதீர்கள். கொன்கோட் ஊரார் கேட்டதுபோல், இதை எழுதியவர் யார், ஏற்றவர் யார் என்று கேளுங்கள். நியூ மெக்சிக்கோவினர் கேட்டதுபோல், இதை மாற்ற யாருடைய சம்மதம் வேண்டும் என்று கேளுங்கள். எலிசபெத் பிறீமன் கேட்டதுபோல், இவ்வாசகம் எனக்கும் பொருந்துமா, பொருந்துமாயின் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடையுண்டா என்று பார்த்துவிட்டுப் பின்னர்க் கையொப்பம் இடுவதைப் பற்றி யோசிப்போம்.